ஐந்து பாகத்து வெளிச்சம்

சிவப்பு எங்கள் ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரைக்கு மேல் பன்னிரண்டுக்குள். சொல்லிக்கொள்ளாமல் போனது. சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் அது சாம்பல் பூத்த ஏதோ ஒரு காயாக மாறியது. மீன் அறுத்துக்கொண்டிருந்த ஆள் விரலையும் சேர்த்து அறுத்துக்கொண்டு, வழிகிற ரத்தம் பச்சையாக இருப்பதைப் பார்த்து, வலி தனக்குத்தானா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பள்ளிக்கூடத்து டீச்சர் திருத்திக்கொண்டிருந்த பரீட்சைத் தாளில் சிவப்பு மை கறுத்துப் போக, பிள்ளைகள் எழுதிய தப்பும் டீச்சர் எழுதிய சரியும் ஒன்றோடொன்று கலந்து, அந்த வருஷம் ஆறாம் வகுப்பில் எல்லோரும் பாஸானார்கள். தபால் பெட்டி, கட்சிக் கொடி, தீயணைப்பு வாளி, அம்மன் கட்டியிருந்த பட்டு, கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த கூறைப் புடவை, வெற்றிலை போட்ட வாய், எல்லாம் ஒரே நிறமாகி, அந்த நிறத்துக்குப் பேர் தெரியாமல் நாங்கள் நின்றோம். பிறகு, நின்றுகொண்டே இருந்தால் உலை யார் வைப்பது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

எங்களுக்கு வருத்தம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கோபம். சிவப்பின் மேல் என்ன கோபம், அது என்ன செய்யும். அதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவர்கள் மேல் கோபம். கேட்கிற உங்களுக்கும் அந்தக் கோபம் வராவிட்டால் நான் மூச்சைச் செலவழித்துச் சொல்லிப் பயனில்லை, இப்போதே எழுந்து போய்விடலாம்.

அது எங்கேயிருந்து வந்த நிறம் என்று சொன்னவள் முத்திருளாயி. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறவள். நாற்பத்தெட்டு வயது, புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச் சுற்று, தண்ணீர் புகாத கண்ணாடி. எங்கள் கரையில் அவளைப் போல மூச்சுப் பிடிக்கிற பெண் இல்லை, ஆண்களில் உண்டா என்று கேட்டால் ஆண்கள் பேச்சை மாற்றுவார்கள். அன்றைக்கு அவளும் ஆறு பெண்களும் வள்ளத்தை விட்டு இறங்கி, பாசி மூட்டையோடு மணலில் கால் வைத்து ஊரைப் பார்த்தார்கள். முத்திருளாயி வாயை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் வந்தவள் முதுகில் தட்டியதும்தான் மூச்சை விட்டாள்.

“ஏத்தா, நாம இன்னும் மேல வரலையா?” என்று கேட்டாள்.

மேலே வந்துதான் இருந்தார்கள். ஆனால் ஊரில் அடித்துக்கொண்டிருந்த வெயில், ஐந்து பாகத்துக்குக் கீழே அடிக்கிற வெயில். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம். எங்கள் கடலை நாங்கள் அப்படித்தான் அளக்கிறோம். உள்ளே போகிறவர்களுக்கு இது தெரியும்: முதல் பாகத்தில் சிவப்பு மங்கும், மூன்றாம் பாகத்தில் மரக்கட்டை நிறமாகும், ஐந்தாம் பாகத்தில் இருக்காது, இன்னும் போனால் ஆரஞ்சு போகும், மஞ்சள் போகும், நீலம் மட்டும் கடைசி வரை கூட வரும். மேலேயிருந்து வருகிற வெளிச்சத்தில் உள்ள சிவப்பைத் தண்ணீர் வழியிலேயே குடித்துவிடுகிறது, அவ்வளவுதான். பொருளில் அது அப்படியே இருக்கும். ஒரு விளக்கைக் கிட்டே கொண்டு போய்க் காட்டினால், அதே ஐந்தாம் பாகத்தில், அதே கல்லில், சிவப்பு கண் விழித்துக்கொள்ளும். பாசி எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்த இந்தச் சின்ன விஷயம், படித்த பதினொரு பேர் உட்கார்ந்த ஒரு குழுவுக்குத் தெரியாமல் போயிற்றாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முத்திருளாயி சொன்னதைக் கேட்டு ஊர் டார்ச் வாங்கியது. ஒரே வாரத்தில் கடைத்தெருவில் டார்ச் தீர்ந்து, வண்டி வைத்து வெளியூரிலிருந்து இறக்கினார்கள். சாரல் படாமல் பாலிதீன் உறையில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, கயிறு கட்டி, ஆண் பெண் அடங்கலும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பட்டப்பகலில் நடமாடினோம். ஒரு பாகத்துக்குள் போய் அடித்தால்தான் சிவப்பு வரும், தள்ளி நின்று அடித்தால் வராது. ஆகவே யாரும் யாரையும் தள்ளி நின்று பார்க்க முடியாமல் போயிற்று. காய்க்காரி “லைட்டடிச்சுப் பாத்து வாங்கு, வீட்டுக்குப் போயி செங்காயின்னு திரும்பக் கொண்டாராத” என்று கூவி விற்றாள். ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரத்துக்கு இருபத்தேழு சொந்தக்காரர்கள் மணமேடையைச் சுற்றி நின்று கூறைப் புடவையின் மேல் டார்ச் அடிக்க, வியர்த்து வழிந்த மாப்பிள்ளை தாலியைத் தடவித் தடவிக் கட்டினார். கொடியில் சிவப்பு உள்ள கட்சிக்காரர்கள் கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒரு விளக்கைக் கட்டினார்கள். கொடியில் பாதிச் சிவப்பு உள்ள கட்சிக்காரர்கள் இது அநியாயம் என்று தர்ணா உட்கார்ந்து, மறுநாள் தாங்களும் ஒன்று கட்டினார்கள். பெண்கள் மாதாமாதம் படுகிற பாட்டில் இன்னொரு பாடு கூடியது. அதை அவர்கள் டார்ச்சோடு தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள். டவுனிலிருந்து வருகிற சிவப்பு பஸ், ஊர் எல்லையிலுள்ள சின்னப் பாலத்தைத் தாண்டியதும் சாம்பல் பஸ்ஸாகும், திரும்பிப் போகும்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி சிவக்கும். முதல் நாள் கண்டக்டர் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் நாள் அவர் டிக்கெட்டை மட்டும் பார்த்தார்.

மேலிடத்துக்கு மனு எழுதினோம். மேலிடம் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. வந்த டாக்டர் பாலத்தைத் தாண்டும்போதே அவருடைய சிவப்பு டை சாம்பலாகிவிட்டது. அதைக் குனிந்து பார்த்தார், கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார், பிறகு வந்து எங்கள் கண்ணை விரித்துப் பார்த்து, ஊர் முழுவதற்கும் சத்துக் குறைவு என்று எழுதி ஆளுக்கு முப்பது மாத்திரை கொடுத்தார். அது சிவப்பு மாத்திரை என்று டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது.

இனி, ஏன் போனது என்பது. எங்கள் கரைக்கு நேரே, ஐந்து பாகத்தில், ஒரு பவளப் பாறைத் தொடர் கிடக்கிறது. கடலடிப் பாறைத் திட்டை நாங்கள் பார் என்போம். இது சிவப்புப் பவளம் பூத்த பார் என்பதால் செம்பார், ஊருக்கும் அதனால்தான் செம்பார்க்கரை என்று பேர். நானூறு பெண்கள் அதன் மேல் முளைக்கிற பாசியால் சாப்பிடுகிறார்கள். வடக்கே வரவிருந்த ஒரு ஆலைக்கு, தன்னுடைய கொதிக்கிற கழிவுத் தண்ணீரைக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்ட ஒரு குழாய் வேண்டும், அந்தக் குழாய் செம்பாரின் மேல் போனால்தான் வழி சுருக்கம். உயிருள்ள பாரின் மேல் குழாய் போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே பாருக்கு உயிர் இருக்கக் கூடாது. கொல்வதற்கு நாளாகும், எழுதுவதற்கு ஆகாது. ஆலைக்காரர்கள் ஒரு கேமராக்காரனை அனுப்பி நாற்பது நிமிஷம் படம் எடுத்து வந்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்கள். படத்தில் நீலமும் சாம்பலுமாகக் கல் கிடந்தது. சுடுகாடு கூட அதைவிடப் பரவாயில்லை.

“கேமரா பொய் சொல்லாது,” என்றார் கரையோரத் தீர்மானக் குழுவின் தலைவர்.

அப்போது முத்திருளாயி எழுந்து, மடியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பவளக் கிளையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அது ஊரில் சிவப்பு இருந்த காலம். கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் அது தெரிந்தது.

“எங்கே எடுத்ததும்மா இது?” என்று கேட்டார் தலைவர்.

“செம்பார்ல சார். புயல்ல ஒடிஞ்சு கெடந்துச்சு.”

“பவளத்தை எடுக்கிறது குற்றம். தெரியுமா?”

இரண்டு காவலர்கள் வந்து அவளை அழைத்துப் போனார்கள். பவளமே இல்லாத இடத்திலிருந்து பவளம் எடுத்த குற்றத்துக்காக அவள் பதினொரு நாள் சிறையில் இருந்தாள். திரும்பச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன், நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அவள் வெளியே வந்த மறு செவ்வாய்க்கிழமை குழு தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது. அதன் நான்காவது பத்தி இது: ‘செம்பாரிலும் அதைச் சார்ந்த பகுதிகளிலும் சிவப்பு நிறம் காணப்படவில்லை, எனவே இல்லை.’ சார்ந்த பகுதி என்றால் வேறு யார், நாங்கள்தான். கேப்பையில் நெய் வடியுது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். சிவப்புக்கு அந்த மதி இல்லை, அதுவும் எங்களைப் போலக் காகிதத்துக்குப் பயந்தது, கையெழுத்து விழுந்ததும் கிளம்பிவிட்டது.

மறுபரிசீலனை கேட்க எங்களுக்கு நாற்பது நாள் இருந்தது. அதற்குள் செம்பாருக்கு உயிர் உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்கிற மாதிரி காட்ட வேண்டும், காட்டாவிட்டால் நாற்பத்தோராம் நாள் குழாய் இறங்கும். ஒரு துண்டைக் கொண்டுவந்தால் சிறை. கொண்டுவராவிட்டால் பவளமே இல்லை.

பதின்மூன்றாம் நாள் ரெக்சன் வந்தான். டவுனில் கல்யாணமும் காதுகுத்தும் படம் எடுக்கிறவன், கடலுக்கடியில் எடுக்கவும் படித்தவன். ஆலைக்கு அந்த நாற்பது நிமிஷத்தை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். ஊரைப் பற்றிப் பேச்சு காதில் விழுந்து, நம்பாமல் தன் சிவப்பு மோட்டார் பைக்கில் வந்தான். பாலத்தைத் தாண்டியதும் பைக் சாம்பலானது. நிறுத்தினான். இரண்டடி பின்னால் தள்ளினான், சிவந்தது. முன்னால் தள்ளினான், சாம்பலானது. நான்கு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு, முத்திருளாயி வீட்டை விசாரித்து நடந்து வந்தான்.

“அக்கா, அந்தப் படத்த எடுத்தது நாந்தான்.”

“தெரியும். படத்துல உன் நெழலு விழுந்துருந்துச்சு. உக்காரு.”

அவன் உட்காரவில்லை. “தண்ணிக்குள்ள எறங்குனா மொதல்ல கேமராவுக்கு வெள்ளை காட்டணும்க்கா,” என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அவன் பையிலிருந்து ஒரு வெள்ளை அட்டையை எடுத்ததும்தான் சரியானது. “இந்த அட்டையக் காட்டி, இதுதான் வெள்ளைன்னு சொல்லணும். அப்பத்தான் மத்த நெறத்தையெல்லாம் அது ஒழுங்காப் புரிஞ்சுக்கும். ஆழம் மாற மாறத் திரும்பக் காட்டணும். ரொம்ப ஆழம்னா கிட்ட இருந்து லைட்டும் அடிக்கணும். ஆலைக்காரங்க அட்டை, லைட்டு ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. வெள்ளை காட்டுனா கலப்படமாம், லைட்டடிச்சா மோசடியாம். இயற்கையா எடுன்னாங்க.”

“நீ எடுத்த.”

“எடுத்தேன். ஒரு நெறத்தக்கூட மாத்தலையே, நான் பொய் சொல்லலையேன்னு நெனைச்சேன்க்கா.”

“மீன் கொழம்புல மீனப் பூரா எடுத்துட்டு, நான் எதையும் சேக்கலைன்னு சொல்ற ஆளுய்யா நீ,” என்றாள் முத்திருளாயி. ரெக்சன் அழ ஆரம்பித்தான். “பதினோரு நாளு உள்ள இருந்தேன் தம்பி. அழுவாதே. அழுது என்ன ஆவப்போவுது. நாளைக்குக் காலைல வள்ளத்துக்கு வா. ஒழுங்கா எடு.”

மறுநாள் காலை வள்ளத்தை ஓட்டிப் போனது அவள் புருஷன் நம்புராசன். பேச்சு குறைந்த மனுஷர். முப்பது வருஷமாக அவள் குதித்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவருக்கு வேலை. அவள் தலை மேலே வரும்வரை தானும் மூச்சு விட மாட்டார் என்று அவரைக் கேலி செய்வோம். செம்பாரின் மேல் நங்கூரம் போட்டதும் ரெக்சன் காற்று உருளையை மாட்டிக்கொண்டு இறங்கினான், முத்திருளாயி வெறும் மூச்சோடு இறங்கினாள். அவனிடம் ஒரே ஒரு விளக்குதான் இருந்தது. அதைக் கிட்டே கொண்டு போனால் ஒரு கல் சிவக்கும், நகர்த்தினால் அது அணைந்து அடுத்த கல் சிவக்கும். ஒரு கல்லைக் காட்டினால் ஒரு கல்தான் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் அந்தக் குழுவில் உண்டு என்று இருவருக்கும் தெரியும். போதாக்குறைக்கு நீரோட்டம் வெள்ளை அட்டையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. முத்திருளாயி அட்டையைத் தேடிப் பாரின் அடுத்த பக்கம் போய், வள்ளத்திலிருந்து தலை தெரியாத தூரத்தில் மேலே வந்து மூச்சு வாங்கி வாங்கித் திரும்ப இறங்கினாள். ரெக்சன் வேறு ஏதாவது வெள்ளையாகக் கிடைக்குமா என்று மேலே வந்து, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினான்.

“அண்ணே, வெள்ளை காட்டுங்க. சீக்கிரம்.”

அவன் டவுன்காரன். எங்கள் கரையில் வெள்ளை காட்டுவது என்றால் ஒன்றுதான் அர்த்தம். கடலுக்குள் போனவர் மேலே வரவில்லை என்றால் வள்ளத்திலிருந்து வெள்ளைத் துணியைக் கம்பில் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்த எந்த வள்ளமும், வலையை அறுத்துவிட்டாவது, தேட வந்தாக வேண்டும். தேடிய ஆள் கிடைக்கும்வரை துணியை இறக்கக் கூடாது.

நம்புராசன் ரெக்சனைப் பார்த்தார். அவன் மட்டும் மேலே இருந்தான். இடுப்பிலிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்து, துடுப்பில் கட்டி, தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறும் கால்சட்டையோடு நின்றார். உதடு கோணி, கண்ணிலிருந்து தண்ணீர் தாடியில் இறங்கியது. “அத எங்கிட்டக் குடுங்கண்ணே,” என்று ரெக்சன் கீழேயிருந்து கெஞ்சினான். அவர் கொடுக்கவில்லை. இவருக்கு என்ன வந்தது என்று புரியாமல், முத்திருளாயியைக் கேட்டால் தெரியும் என்று அவன் மறுபடி உள்ளே போனான்.

நாற்பது வள்ளங்கள் வந்தன. சங்கு குளிக்கிறவர்கள், பாசிக்காரிகள், நண்டு வலைக்காரர்கள், முத்திருளாயியோடு இருபது வருஷமாகப் பேசாத அவளுடைய நாத்தனார் வரைக்கும். வேட்டியைப் பார்த்தார்கள், நம்புராசனைப் பார்த்தார்கள், வள்ளம் நிற்பதற்குள் குதித்தார்கள். கழுத்தில் டார்ச் தொங்கியது. கழற்றி வைக்க யாருக்கு நேரம். ஆளைத் தேட விளக்கு வேண்டும் என்று அதையே எரியவிட்டுக்கொண்டு நூறு பேருக்கு மேல் ஐந்தாம் பாகத்துக்கு இறங்கினார்கள்.

அப்போது செம்பார் பூராவும் தெரிந்தது. ஒரு கல், இரண்டு கல் இல்லை. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை, விசிறியாகவும் விரலாகவும் மூளையாகவும் முளைத்துக் கிடந்த அத்தனையும், மிளகாய்ச் சிவப்பும் செங்கல் சிவப்பும் குங்குமச் சிவப்பும் கன்றுக்குட்டி நாக்கின் சிவப்புமாக எழுந்து நின்றது. ஆளைத் தேடி வந்தவர்கள் தேட மறந்தார்கள். முப்பது வருஷம் அதன் மேல் பாசி பறித்தவர்களே, வீட்டுக்குள் இத்தனை பேர் இருந்தீர்களா என்பது போலப் பார்த்தார்கள். மூச்சு முட்டியவர்கள் மேலே போனார்கள், மேலே போனவர்கள் திரும்பி வந்தார்கள், வெளிச்சம் குறையவே இல்லை.

முத்திருளாயி அட்டை கிடைக்காமல் பாரின் அந்தப் பக்கத்திலிருந்து மேலே வந்து, வள்ளங்களின் கூட்டத்துக்கு நடுவே தலை நீட்டினாள். புருஷன் கையில் வேட்டி பறப்பதைப் பார்த்தாள்.

“யாரு செத்தது?”

“நீதான்,” என்றார் நம்புராசன்.

சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். துடுப்பு சாய்ந்து, வேட்டி நழுவித் தண்ணீரில் விழுந்து, விரிந்தபடியே கீழே போனது. கீழே ரெக்சன் அதைப் பிடித்தான். கேமராவுக்கு முன்னால் நாலு முழத்துக்கு விரித்து, இதுதான் வெள்ளை என்று சொன்னான். பிறகு திரும்பி, நூறு டார்ச்சின் வெளிச்சத்தில் செம்பாரை எடுத்தான். முப்பத்தொரு நிமிஷம் எடுத்தான்.

அந்தப் படத்தை ஊரில் போட்டால் டிவி பெட்டியில் மூக்கை வைத்தால்தான் சிவப்பு தெரிந்தது. ஆகவே எங்கள் சொந்தச் சிவப்பைப் பார்க்க நாங்கள் டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி, டவுனில் ரெக்சன் ஸ்டுடியோவுக்குப் போனோம். உட்கார்ந்து பார்த்தோம். சிலர் அழுதார்கள். நம்புராசன் மட்டும் தன் வேட்டி வருகிற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.

முப்பத்தெட்டாம் நாள் மாவட்டத் தலைநகரில் மறுபரிசீலனைக் கூட்டம். நாற்பது பேர் போனோம். பெரிய மண்டபம், மேடையில் சிவப்புக் கம்பளம், மேஜையில் சிவப்பு நாடா கட்டிய கோப்புகள், நெற்றியில் குங்குமத்தோடு குழுத் தலைவர். படம் ஓடியது. முடிந்ததும் ஆலையின் வக்கீல் எழுந்தார்.

“ஐயா, இவர்கள் வெள்ளை காட்டியிருக்கிறார்கள். விளக்கும் அடித்திருக்கிறார்கள். அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.”

“ஆமா,” என்றார் தலைவர். “இயற்கை நிலையில் அங்க சிவப்பு இல்லை. விளக்கு போட்டா வருது, எடுத்தா போயிடுது. அப்ப அது விளக்கோட நிறம்தானே? பாரோட நிறம் எப்படி ஆகும்?”

“சார், வெளக்கு வெள்ளை வெளக்கு,” என்றாள் முத்திருளாயி. “அதுல ஏது செவப்பு?”

“இந்தாம்மா, விஞ்ஞானமெல்லாம் நாங்க பாத்துக்குவோம்.”

“சரி. ராத்திரி கரண்ட் போச்சுன்னா உங்க வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாது. அப்ப உங்க வீட்டுல யாரும் இல்லைன்னு எழுதிருவீங்களா?”

மண்டபம் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. பழைய தீர்மானமே செல்லும் என்று சொல்லி, கோப்பை மூடப் போனார். முத்திருளாயி உட்காரவில்லை. அவளுடைய கழுத்து நரம்பு தெறிக்கிற மாதிரி நின்றது.

“அப்படின்னா எங்களுக்கு மட்டும் ஏன் சார் இந்தச் சட்டம்? நாங்க மட்டும் என்ன தொக்கா? எழுதுறதுன்னா எல்லாருக்கும் சேத்து எழுதுங்க.”

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தாம்மா. இங்க பாகுபாடெல்லாம் கிடையாது,” என்றார் தலைவர், சத்தமாக, பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பி. அதை நிரூபிக்கிற மாதிரி அங்கேயே டைப்பிஸ்டுக்குச் சொன்னார்: ‘விளக்கு காட்டினால் மட்டும் தெரிவது, இருப்பதாகக் கொள்ளப்படாது. இதுவும், சிவப்பு இல்லை என்ற நான்காவது பத்தியும் இம்மாவட்டம் முழுவதற்கும் பொருந்தும்.’ தாள் வந்தது. ஒரு தடவை படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

தெரிந்துதான் அவள் அப்படிக் கேட்டாளா என்று பிறகு பல பேர் விசாரித்தார்கள். கோபத்தில் கேட்டேன் என்றுதான் அவள் சொன்னாள்.

மேடைக் கம்பளம் சாம்பலானது. கோப்புகளைக் கட்டியிருந்த நாடா கறுத்தது. தலைவர் நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் அடுப்புக் கரி இருந்தது.

“கரண்ட் போயிருச்சா?” என்றார் தலைவர்.

கரண்ட் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் போனாக அடிக்க ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு தெரியாமல் ரயில்கள் மாவட்ட எல்லையில் நின்றுவிட்டன. அறுவை சிகிச்சைக்கு வயிற்றைத் திறந்த டாக்டர்கள் ரத்தமும் பித்தமும் பிரித்தறியாமல் விளக்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆலை கட்டுகிற இடத்தில் ஆபத்து விளக்குகள் எல்லாம் எரிந்தும் எரியாமல் இருக்க, வேலையாட்கள் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். வக்கீல் தன் உள்ளங்கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினொரு பேரும் எங்களைப் பார்த்தார்கள். இத்தனை நாளில் அவர்கள் எங்களை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

நாங்கள் நாற்பது பேரும் மேடை ஏறினோம். காவலர்கள் பதறினார்கள். பதற ஒன்றுமில்லை, ஒரு பாகத்துக்குள் போனால்தான் எதுவும் தெரியும், அதனால் போனோம். தலைவரின் நாற்காலியைச் சுற்றி நின்று, கழுத்திலிருந்த டார்ச்சை எடுத்து, அவர் முகத்தில் அடித்தோம்.

காது மடல் வரை சிவந்திருந்தது அவர் முகம். கோபமோ, பயமோ, வெட்கமோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் நல்ல சிவப்பு.

“சார், உங்க மொகம் செவந்திருக்கு,” என்றாள் முத்திருளாயி. “லைட்ட அணைச்சா யாருக்கும் தெரியாது. சொல்லுங்க, இது இருக்கா, இல்லையா?”

அவர் வக்கீலைத் தேடினார். வக்கீல் குனிந்திருந்தார். தலைவர் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடாகத்தான் இருந்திருக்கும்.

“இருக்கு,” என்றார்.

“கேக்கல சார்.”

“இருக்கும்மா. இருக்கு.”

“அப்ப எழுதுங்க. செம்பார்ல இருந்து ஆரம்பிங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். கடைசிக் கையெழுத்து விழும்வரை நாங்கள் யாரும் டார்ச்சை அணைக்கவில்லை.